இசக்கிமுத்து மேஸ்திரி எழுதிய ஏச்சு

இசக்கிமுத்து மேஸ்திரிக்குத் தொண்டை போனது ஐம்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில். கொச்சி மட்டாஞ்சேரியில், படகு அணையும் கடவோரத்தில் ஒரு மிளகுப் பண்டகசாலைக்கு அப்போது சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் இடுப்பளவு வந்திருந்தது. வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு வேய்ந்து கொடுத்துவிட வேண்டும் என்பது முதலாளியோடு பேச்சு.

அதுவரைக்கும் மேஸ்திரியின் குரல் பேட்டையே அறிந்த குரல். அவர் ஒரு சத்தம் போட்டால் படகுத்துறையில் டிக்கெட்டுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பிழைக்க வந்தவர், இப்போது நாற்பத்திரண்டு. கொத்தனாரும் சித்தாளுமாக அவருக்குக் கீழே இருபது பேர், முக்கால்வாசி அவருடைய ஊர்ப்பக்கம். மரவேலைக்கு மட்டும் உள்ளூர் ஆசாரி அப்பு. சத்தம் இல்லாத மேஸ்திரி உப்பில்லாத குழம்பு என்பார் இசக்கிமுத்து. அதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

டாக்டர் வைத்தீஸ்வரன் பாலக்காட்டுக்காரர். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உள்ளே புண்ணாக் கெடக்கு. ஒரு மாசம் வாயைத் தெறக்கப்படாது, கேட்டேளா? ரகசியம் பேசறதுகூட கூடாது. மீறினேள்னா அப்புறம் ஆயுசுக்கும் சாடை காட்டிண்டு திரிய வேண்டியதுதான்."

திரும்பும் வழியில் மேஸ்திரி ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் வாங்கினார். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்த எழுத்து, சற்று சாய்ந்திருக்குமே தவிரப் பிழை இருக்காது. எழுதினால் வாசிக்க ஆள் வேண்டுமே? வேலை இடத்தில் தமிழ் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் வீரலட்சுமி ஒருத்திதான். சாந்துச் சட்டி சுமக்கிறவள். எட்டாங்கிளாஸ் முடித்திருந்தாள்.

மறுநாள் காலையிலேயே ஒச்சப்பன் மாட்டிக்கொண்டான். கல் வைக்கிறதில் அவனைப்போல சுத்தமான கை அங்கே கிடையாது, ஆனால் நிதானக்காரன். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, நூல் நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பான். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. பரபரவென்று எழுதி வீரலட்சுமியிடம் நீட்டினார். அவள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, இனிமையாக வாசித்தாள்.

"ஏலே ஒச்சப்பா. உனக்குக் கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா? சோத்தைத் திங்கியா, மண்ணைத் திங்கியா?"

வாசித்து முடித்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு கேள்விக்குறி போட்டிருக்கிய. பதில் சொல்லச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

ஒச்சப்பன் யோசித்து, "முகத்துலதான் இருக்கு அண்ணாச்சி. காலைல பழைய சோறு" என்றான்.

இருபது பேரும் சிரித்த சிரிப்பில் சாரத்திலிருந்த காக்கை பறந்துபோயிற்று. மேஸ்திரிக்கு முகம் ஜிவ்வென்று ஏறியது. வாய் இருந்தால் ஒரு நொடியில் அடக்கியிருப்பார். எழுதி அடக்குவதற்குள் சிரிப்பு ஓய்ந்து எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் பேச்சியம்மாளுக்கு மட்டும் கொண்டாட்டம். "கல்யாணமாகி இருபது வருசத்துல இந்த வாரந்தான் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிச்சிருக்கேன்" என்று பக்கத்து வீட்டுக் கமலாக்ஷியிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக்கு எவ்வளவு சொன்னோம் என்று பார்ப்பதற்காக மேஸ்திரி நோட்டைப் புரட்டினார். சுண்ணாம்பைத் தேடப் போனவர் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வாயால் ஏசியது காற்றோடு போய்விடும். சாயங்காலம் என்ன ஏசினோம் என்று அவருக்கே நினைவிருக்காது. இது போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது, அவருடைய கையெழுத்தில். ஒச்சப்பன் பெயர் இருபத்தாறு இடத்தில் இருந்தது. இருபத்தாறிலும் பின்னாலேயே ஒரு ஏச்சு. வீரலட்சுமிக்குப் பெயரே இல்லை, 'ஏ பிள்ளை'தான். செவ்வாய்க்கிழமை மணல் வரவில்லை என்று இரண்டு பக்கம் ஏசித் தீர்த்திருந்தார். பென்சில் அழுந்திக் காகிதமே ஓட்டையாகியிருந்தது. மணலுக்கு வள்ளக்காரனிடம் சொல்ல வேண்டியது யார்? திங்கட்கிழமை சாயங்காலம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தது யார்?

இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்துவிட்டு அடியில் பொடி எழுத்தில் எழுதினார்: 'மணலுக்குச் சொல்ல மறந்தது நான்.'

"என்ன எழுதுதீய?" என்று கேட்டுக்கொண்டே பேச்சியம்மாள் வந்தாள். சட்டென்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. வேலை முடிந்ததும் படகுத்துறைச் சாயாக்கடையில் உட்கார்ந்து அன்றைய பக்கங்களை வாசிப்பார். பிறகு அடியில் இரண்டு வரி எழுதுவார். முதல் நாள் ஒரு வரி எழுதவே ஒரு கிளாஸ் சாயா ஆறிப்போயிற்று. பிறகு கை பழகிவிட்டது.

'இன்னைக்கு எனக்குத் தலைவலி. அதுக்கு ஒச்சப்பனை ஏசினேன்.'

'முதலாளி வந்து நின்னா என் ஏச்சு ரெண்டு பங்கு ஆகுது. வேலை நடக்கவா, அவருக்குக் காட்டவா?'

'அப்பு ஆசாரி என்னமோ சொல்ல வந்தான். கையை ஆட்டிப் போகச் சொன்னேன். என்ன சொல்ல வந்தான்? தெரியல.'

இந்தக் கடைசி வரி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நோட்டு முழுக்க எத்தனையோ கேள்விக்குறி போட்டிருக்கிறார். பதில் வேண்டும் என்று கேட்டது ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலையில் கை தட்டி எல்லோரையும் கூட்டி நிறுத்தி ஒரு வரி எழுதிக் கொடுத்தார். வீரலட்சுமி ஒரு தரம் மனதுக்குள் வாசித்தாள். மேஸ்திரி முகத்தைப் பார்த்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள்.

"வேலையில என்ன குறை இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஏச மாட்டேன்."

காய்ச்சல் கீய்ச்சல் இருக்குமோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். கடைசியில் அப்புதான் முன்னால் வந்தான்.

"மேஸ்திரி, ஞான் ஒண்ணு பறயட்டே? வடக்குச் சுவர் சரியில்லா. புறத்தோட்டு தள்ளி நிக்குது. இதுமேல உத்தரம் வச்சா நிக்காது."

மேஸ்திரி ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பன் தரையைப் பார்த்தான்.

"நாலு நாளாத் தெரியும் அண்ணாச்சி" என்றான். "சொன்னா யாரு ஏச்சு வாங்குறது?"

தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்கள். சுவர் இப்போது ஆள் உயரம் வந்துவிட்டது. இடுப்பளவுக்கு மேலே இரண்டு விரல்கடை வெளியே தள்ளியிருந்தது. மேஸ்திரிக்கு 'ஏச மாட்டேன்' என்றதெல்லாம் மறந்துபோயிற்று. பென்சிலை அழுத்தி எழுதி நீட்ட, வீரலட்சுமி வாசித்தாள்: 'குண்டு பிடிச்சுப் பார்க்காம எவன் கல்லு வச்சான்?'

"நான்தான் வச்சேன்" என்றான் ஒச்சப்பன். "நீங்கதான் குண்டு வேண்டாம்னிய."

மேஸ்திரி தலையை ஆட்டினார். மார்பில் கை வைத்து, வானத்தைக் காட்டி, சத்தியமாக அப்படிச் சொல்லவில்லை என்று சாடை செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். வீரலட்சுமி நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டினாள். நாலைந்து நாளைக்கு முந்திய ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"குண்டு பிடிச்சது போதும்லே. ஜோசியமா பார்க்கே? கல்லைத் தூக்கி வையி." இந்த முறை அவள் பாடம் மாதிரி வாசிக்கவில்லை. மெதுவாக வாசித்தாள்.

மேஸ்திரி நோட்டை வாங்கிப் பார்த்தார். சாய்ந்த எழுத்து, அவருடைய கைதான். சாயாக்கடையில் வாசித்தபோது ஏச்சோடு ஏச்சாக இதைத் தாண்டிப் போயிருந்தார். அந்த மத்தியானம் முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதும், அவருக்கு முன்னால் வேலை ஓடுகிறதாகக் காட்ட இவர் துடித்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. இவ்வளவு காலத்தில் எத்தனை சுவருக்கு எத்தனை பேரை இப்படி ஏசியிருப்போம் என்று நினைத்தபோது காது சுட்டது. அவற்றுக்கெல்லாம் நோட்டு இல்லை.

பிறகு எழுதினார். வீரலட்சுமி வாசித்தாள்: "தப்பு என்னுது. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இடுப்பு வரைக்கும் பிரிச்சிருவோம். ஒச்சப்பா, மூலைக்கல்லு நீ வையி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் குண்டு பிடி."

வாசித்து முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. ஒச்சப்பன் மட்டும் தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, மறுபடியும் கட்டிக்கொண்டு சுவர்மேல் ஏறினான்.

முதலாளி குதித்தார். மழை வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். மேஸ்திரி 'நான்' என்று ஒற்றைச் சொல் எழுதிக் காட்டினார். அதற்கு மேல் சண்டை போட முதலாளிக்கு வழியில்லாமல் போயிற்று.

பிரிக்க ஒரு நாள், கட்ட நாலு நாள். அந்த அஞ்சு நாளும் மேஸ்திரி பார்த்த வேலையாட்கள் அதுவரை பார்க்காதவர்கள். சாந்து தூக்குகிற வரிசையைக் கடவுப் பக்கமாக மாற்றினால் வெயிலும் இருக்காது, தூரமும் பாதி என்றாள் வீரலட்சுமி. மாற்றினார்கள், சரியாக இருந்தது. அன்று சாயங்காலம் நோட்டில் முதல்தடவையாக அவள் பெயர் ஏறியது. சுவர் எழும்புகிறபோதே கூரை மரத்தைக் கீழேயே பொருத்தி வைத்துவிடலாம் என்றான் அப்பு. மேஸ்திரி கையை ஆட்டிப் போகச் சொன்ன அன்றைக்கு இதைத்தான் சொல்ல வந்தானாம்.

மாசம் முடிந்து டாக்டர் பேசலாம் என்றார். மறுநாள் காலையில் மேஸ்திரி வந்ததும் எல்லோரும் கை வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். என்ன வரப்போகிறதோ என்று அவர்களுக்குப் பயம். அவருக்கும் கொஞ்சம் பயம்தான்.

"சாயா குடிச்சாச்சா எல்லாரும்?" என்றார் கரகரவென்று.

பத்து மணி வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. பத்தேகாலுக்கு ஒச்சப்பன் கை தவறி ஓட்டு அடுக்கு ஒன்றைச் சரித்துவிட, "ஏலே எருமை!" என்று பழைய குரல் கடவு வரைக்கும் போயிற்று. படகுத்துறையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி பாதியில் நிறுத்தினார். காலில் அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றான் ஒச்சப்பன்.

"ஏசணும்னா ஏசுங்க அண்ணாச்சி. இது என் தப்புத்தான்" என்றான். "அந்த நோட்டை மட்டும் விட்டுராதிய."

விடவில்லை. அன்றைக்கு எழுதினார்: 'எருமைன்னேன். ஒருதரம்தான்.'

கடைசி ஓடு ஏறி மூன்றாம் நாள் மழை பிடித்தது. கடலிலிருந்து ஒரு இருட்டு வந்து கடவை மூடியது. ஓட்டின்மேல் பறையடித்த மாதிரி சத்தம். இருபது பேரும் பண்டகசாலைக்குள் அண்ணாந்துகொண்டு நின்றார்கள். வடக்கு மூலையில் ஓரிடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. உடனே அப்பு ஒன்று சொன்னான், ஒச்சப்பன் இன்னொன்று சொன்னான், ஓட்டைத் திருப்பிப் போட்டால் போதும் என்று வீரலட்சுமி அவர்கள் இரண்டு பேரையும் மறித்தாள். ஆளாளுக்கு யோசனை. மேஸ்திரி மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் யாரோ முந்திக்கொண்டார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு, முறை வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.