போர்டு ஒரு கட்சி, பிராசஸர் ஒரு கட்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஸ்வின் வந்து காலிங் பெல்லை அழுத்திய அழுத்தில் எதிர் ஃபிளாட் கதவும் சேர்ந்து திறந்தது. தோளில் பை, கையில் ஸ்க்ரூடிரைவர் செட், வாயில் பேச்சு.

"இன்னா மாமா, இன்னும் மூஞ்சியே கழுவல போல கீது? இன்னிக்கு உங்க ஊட்ல விசேஷம். கம்ப்யூட்டருக்குக் காது குத்து. நீ இன்னாடான்னா கைலியோட நிக்கிற!"

விஷ்ணு வழிவிட்டு நின்றான். அஸ்வின் அவன் மனைவி நிஷாவின் தம்பி. சென்னைக் கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். அக்கா புருஷனை 'நீ' என்றுதான் பேசுவான். விஷ்ணுவின் ஊரான ராசிபுரத்தில் எவனாவது மாமனை அப்படிக் கூப்பிட்டிருந்தால் வீடே இரண்டு பட்டிருக்கும். கல்யாணமான புதிதில் விஷ்ணுவுக்கும் அது சுருக்கென்று இருந்தது. இப்போது எதுவுமே சுருக்கென்று இருப்பதில்லை.

பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, அப்போது உதட்டைக் கடித்தாலும் தெரியாது, ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். கொஞ்ச நாளாக உச்சி முதல் பாதம் வரை அவனுக்கு அப்படித்தான் இருந்தது. வேலை பார்த்தான், சாப்பிட்டான், மீட்டிங்கில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த பால்கனி என்று சொல்லித்தான் இந்த ஃபிளாட்டைத் தலையில் கட்டினார்கள். அந்த ஏரியை அவன் கடைசியாக எப்போது பார்த்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

நிஷா அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. சண்டை என்று எதுவும் இல்லை. அவள் ஆபீசில் பெங்களூர் டீமுக்கு வரச்சொல்லிக் கேட்டார்கள். நல்ல வேலை, பெரிய பொறுப்பு. "போகட்டுமா, வேணாமா?" என்று விஷ்ணுவிடம் கேட்டாள். "உனக்கு எது சரின்னு தோணுதோ அதைச் செய்" என்றான். இதைவிடப் பெருந்தன்மையான பதில் இருக்க முடியாது என்று அவன் நம்பினான். மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே பெருந்தன்மை. ஒருநாள் துணியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போன வாரம் போனில் சொன்னாள்: "திங்கக்கிழமை காலைல ஆபீசுக்கு பதில் சொல்லணும். அதுக்குள்ள ஏதாவது சொல்லு விஷ்ணு. போன்னு சொல்லு, போகாதன்னு சொல்லு. உன் வாயால ஏதாவது ஒண்ணு."

நாளைக்குத் திங்கட்கிழமை. அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் இல்லாத இந்த மாதம் முழுக்க அவன் வேறொரு கேள்வியில் கிடந்தான். புதிதாகச் சேர்க்கப்போகிற கேமிங் கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸர் எந்தக் கம்பெனி, இன்டெல்லா, ரைசனா? இன்டெல்காரன் ஒருவன் வீடியோவில் எது வேகம் என்று பட்டை பட்டையாகக் கோடு போட்டுக் காட்டுவான். இன்டெல் கோடு நீளமாக இருக்கும். அடுத்த வீடியோவில் ரைசன் கோடு நீளமாக இருக்கும். கீழே கமென்டில் முகம் தெரியாதவர்கள் குடும்பத்தை இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். விஷ்ணு எல்லாவற்றையும் படித்தான். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அங்கே யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. எந்த விளையாட்டை ஆடப்போகிறோம் என்பதை மட்டும் அவன் யோசித்திருக்கவில்லை.

அஸ்வின் ரைசன் கட்சி. சாதாரணத் தொண்டன் இல்லை, வட்டச் செயலாளர் ரேஞ்சு. இருந்தாலும் மாமனுக்காக இரண்டு பட்டியல் அனுப்பியிருந்தான், ஒன்று இன்டெல்லுக்கு, ஒன்று ரைசனுக்கு. "எது வேணுமோ நீயே ஆர்டர் போட்டுக்க மாமா, நான் வந்து மாட்டித் தர்றேன்" என்று சொல்லியிருந்தான். பெட்டிகள் ஒவ்வொன்றாக, வேறு வேறு வாரத்தில், வேறு வேறு கடையிலிருந்து வந்தன. எதையும் பிரிக்காமல் ஹால் மூலையில் அடுக்கி வைத்திருந்தான் விஷ்ணு.

அஸ்வின் தரையில் பெட்ஷீட்டை விரித்தான். போனை ஒரு குக்கர் மேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டான். பெட்டி பிரிக்கும்போது படம் பிடிக்காவிட்டால், பிறகு உள்ளே எது உடைந்திருந்தாலும் நீதான் உடைத்தாய் என்று கடைக்காரன் சாதிப்பான். அது இந்தப் பையன்களுக்கு வேதம்.

"சீலை நீ கட் பண்ணு மாமா. ஓனர் கையாலதான் கட் பண்ணணும்."

"நீயே பண்ணு மாப்ள."

"அட, புடி கத்தரிய! ரிப்பன் கட் பண்ற மந்திரி மாதிரி ஒரு ஸ்மைல் குடு."

விஷ்ணு வெட்டினான். மதர்போர்டு பெட்டி, பிராசஸர் பெட்டி, ராம், எல்லாவற்றின் சீலும் போயிற்று. அஸ்வின் போர்டை எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தான். பேச்சு மட்டும் நிற்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒருவன் பிராசஸர் சூட்டைத் தணிக்கும் கூலரின் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டிய கதை, ஒருவன் மானிட்டருக்கு பிளக்கே போடாமல் போர்டு செத்துப்போச்சு என்று அழுத கதை. பேசிக்கொண்டே பிராசஸரைக் கையில் எடுத்தான். முகம் மலர்ந்தது.

"ரைசன்! மாமா, நம்ம கட்சிக்கு வந்துட்டியா! சொல்லவே இல்ல பாரு. கல்லுளிமங்கன்யா நீ."

குனிந்து, போர்டில் பிராசஸர் உட்காரும் குழியின் மூடியைத் திறந்தான். அத்தோடு பேச்சு நின்றது.

அந்தக் குழி நீளவாக்கில் இருந்தது. கையில் இருந்ததோ சதுரம், நாலாபக்கமும் நண்டுக்கால் மாதிரி வெட்டுப்பட்ட சதுரம். அஸ்வின் அதைப் பார்த்தான், இதைப் பார்த்தான். போர்டு பெட்டியைத் திருப்பிப் படித்தான்.

"மாமா."

"ம்."

"போர்டு இன்டெல்லுது மாமா."

"அப்படியா?"

"இன்னா அப்படியா? போர்டு ஒரு கட்சி, பிராசஸர் ஒரு கட்சி! இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது மாமா, தலைகீழா நின்னாலும் உக்காராது. எப்ப ஆர்டர் போட்ட நீ?"

விஷ்ணு யோசித்தான். ஆஃபர் முடியப்போகிறது என்று போன் சத்தம் போட்ட அன்று இன்டெல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். போர்டு வாங்கினான். பிறகொரு நாள் ரைசன் வீடியோ. அன்றைக்கு பிராசஸர். நடுவில் போர்டு ஞாபகம் வரவே இல்லை.

அஸ்வின் சிரிக்க ஆரம்பித்தான். பெட்ஷீட்டில் மல்லாந்து விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒரு மாசம் ஆராய்ச்சி பண்ணி, பாதி இங்க பாதி அங்க வாங்கின ஒரே ஆளு நீதான் மாமா. எங்க குரூப்ல போட்டா உனக்குச் சிலை வைப்பானுங்க." கண்ணைத் துடைத்தபடி எழுந்து உட்கார்ந்தான். "சரி வுடு. சீல் போச்சு, கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். ஆவடில ஜெகன்னு ஒருத்தன் கீறான், இந்த மாதிரி மாத்திக் குடுக்கறதுதான் அவன் வேலையே. ரெண்டுல ஒண்ண குடுத்தா மத்ததுக்கு ஜோடி வாங்கிகினு வந்துருவேன். எத வச்சிக்கற, எத குடுக்கற?"

"உனக்கு எது சரின்னு தோணுதோ…"

"இல்ல மாமா, நீ சொல்லு."

"எதுவா இருந்தாலும் எனக்கு ஓகேதான் மாப்ள."

அஸ்வின் முகத்தில் சிரிப்பு வடிந்தது. கையை நீட்டிப் போன் வீடியோவை நிறுத்தினான்.

"இதத்தான் அக்காகிட்டயும் சொன்னியா?"

விஷ்ணு கத்தரியை எடுத்துப் பெட்டிமேல் வைத்தான்.

"தெனம் மாடில போய் நின்னுகினு போனையே பாத்துகினு கீது மாமா அது. அம்மா சோறு போட்டு வச்சா ஆறிப்போயி கெடக்குது. நீ திட்டிருந்தா கூட சந்தோசப்பட்டுருக்கும். நான் பேசக்கூடாதுன்னுதான் வந்தேன். மாட்டிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். ஆனா, இன்னா மாமா நீ… ஒரு சிலிக்கான் துண்டுக்குக் கூடவா உன் வாயில பதில் இல்ல?"

திட்டு விழுந்திருக்கிறது என்று விஷ்ணுவுக்குத் தெரிந்தது. வலிக்க வேண்டும் என்றும் தெரிந்தது. எங்கே வலிக்கிறது என்று தேடிப் பார்த்தான். அகப்படவில்லை.

"இன்டெல்" என்றான்.

"இன்னாது?"

"இன்டெல் வச்சுக்கலாம். ரைசனைக் குடுத்துரு."

அஸ்வின் திறந்த வாய் மூடாமல் பார்த்தான். கையிலிருந்த ரைசனை ஒரு தடவை பார்த்தான், பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கச் சொன்ன மாதிரி. "நெசமாவா? மாமா, கொஞ்சம் யோசிச்சி…"

"ஒரு மாசமா யோசிச்சுட்டேன். இன்டெல்."

"காரணமாவது சொல்லு."

"காரணம் ஒண்ணும் இல்ல."

"நல்ல ஆளுய்யா" என்று முணுமுணுத்துக்கொண்டு அஸ்வின் பிராசஸரைப் பெட்டியில் வைத்து மூடினான். வாசலில் செருப்பு மாட்டும்போதும் புலம்பல் ஓயவில்லை. ஆனால் போகிற போக்கில் விஷ்ணுவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். பைக் கிளம்பிய சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது.

விஷ்ணு பால்கனிக்குப் போனான். ஏரி அங்கேதான் இருந்தது. கரையில் நடைபோகிறவர்கள் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்கள். போனை எடுத்து நிஷாவைக் கூப்பிட்டான். ஒரே மணியில் எடுத்தாள்.

"சொல்லு" என்றாள்.

"நீ போறது எனக்குப் புடிக்கல."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. மாமியார் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது.

"விஷ்ணு, நான் வெள்ளிக்கிழமையே ஆபீசுல பெங்களூர் போறேன்னு சொல்லிட்டேன்."

"திங்கக்கிழமைன்னியே?"

"அது நீ ஏதாவது சொல்லுவியான்னு பாக்க. எவ்ளோ நாள் வேணா உனக்கு டைம் குடுக்கலாம்னு ஒரு ஆசை. அப்புறம் எனக்கே என் மேல கோவம் வந்துச்சு. சொல்லிட்டேன்."

"சரி" என்றான். பழைய சரி. அவனுக்கே அது கேட்டது. "சரி இல்ல. சரின்னு சொல்லல. எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான். போகாதன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா புடிக்கல."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"இத அப்பவே சொல்லிருந்தா…"

"ஆமா."

"நான் போறேன் விஷ்ணு. இப்ப மாத்த முடியாது. மாத்தவும் மாட்டேன்."

"ம்."

"புதன்கிழமை காலைல பஸ்சு. பூந்தமல்லில ஏறணும். அப்பா கொண்டாந்து வுடறேன்னு சொல்லிட்டாரு."

"நான் வர்றேன்."

"அவரு லீவு போட்டுட்டாரு."

"நான் வர்றேன் நிஷா. பெங்களூர் வரைக்கும் வர்றேன். நீ தங்கற இடத்தைப் பாத்துட்டு வர்றேன்."

"டிக்கெட் ஒண்ணுதான் போட்டுருக்கு."

"இன்னொண்ணு போடறேன். பக்கத்து சீட் கெடைக்காட்டி பின்னாடி சீட்ல வர்றேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. "அப்பாகிட்ட நீயே பேசிக்க. நான் நடுவுல வரல" என்று வைத்துவிட்டாள்.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். சந்தோஷமா துக்கமா என்று பார்த்தான். எதுவும் இன்னும் வந்து சேரவில்லை. மார்பில் அதே மரத்த இடம்.

பிறகு மாமனார் பூபாலனின் நம்பரைத் தேடி அழுத்தினான்.

"சொல்லுங்க மாப்ள" என்றது குரல். ஒரு மாதமாகப் பேசாத மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாத குரல்.

"மாமா, புதன்கிழமை லீவைக் கேன்சல் பண்ணிருங்க. நிஷாவை நான் கூட்டிட்டுப் போறேன்."