இருநூற்றுப் பத்தாவது தண்டவாளம்

"இருநூத்தி ஒம்பது... இருநூத்திப் பத்து."

ஹானோரா நின்றாள். ரயில் எஞ்சினுக்கான தண்ணீர்த் தொட்டியிலிருந்து இருநூற்றுப் பத்தாவது தண்டவாளத் துண்டு, அங்கிருந்து வடக்கே நாற்பது எட்டு. அம்மாவைப் புதைத்த குழி அங்கேதான் இருக்க வேண்டும். இருந்ததோ கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை.

பின்னால், தண்டவாளத்தின் மேல் தள்ளுவண்டியில், அப்பா கொர்னீலியஸின் சவப்பெட்டி இருந்தது. முந்தாநாள் ஓமஹாவில் கண்ணை மூடியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னை ஜோஹன்னா பக்கத்துல போடு." ரயில் பாதை போடப் போன இடத்தில், அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கூட வந்த மனைவி காய்ச்சலில் செத்துப்போனாள். அடையாளத்துக்கு ஒரு மரம்கூட இல்லாத புல்வெளி. அதனால் அவர் போட்ட தண்டவாளங்களையே எண்ணி வைத்துக்கொண்டார். வேறெதை எண்ணுவார், பாவம்!

அவர் கூட்டம் ஒரு கோடை முழுக்க முதுகொடிந்து கடந்த தூரத்தை, இன்று மகள் பெட்டியோடு விடியற்காலை ரயில் ஏறிப் பிற்பகலில் கடந்துவிட்டாள். "அங்க ஒண்ணுமே இல்லம்மா, காத்துதான்" என்று அப்பா சொல்வார். வழியெல்லாம் ஊர்கள், வீட்டைவிட உயரமான தானியக் கிடங்குகள், ஒவ்வொரு நிலையத்திலும் மூட்டைமுடிச்சோடு இறங்கும் ஜெர்மன்காரர்கள், பொஹிமியாக்காரர்கள். இங்கே விளைவது கடல் தாண்டிப் போகிறதாம். இவ்வளவும் அப்பா போட்ட இரும்பின் மேலா வந்தது?

"தப்பா எண்ணிட்டியா?" என்றார் டூலி. அப்பாவோடு வேலை பார்த்தவர், இந்தப் பகுதிக்கு இப்போது மேஸ்திரி.

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் மாமா. இந்த வெயில்ல அப்பா நாளைக்குத் தாங்கமாட்டாரு."

டூலி குனிந்து தண்டவாளத்தைத் தொட்டார். தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, என் புத்தியில இடி விழ! இது எஃகு, ஒவ்வொண்ணும் முப்பது அடி. நாலு வருசம் முன்னாடி நானே மாத்திப் போட்டேன். உங்கப்பன் எண்ணினது பழைய இரும்பு, இருபத்தெட்டு அடி. வா, பதினாலு தண்டவாளம் பின்னாடி போகணும்."

வண்டியைத் திருப்பித் தள்ளினார்கள். அங்கே ஒரு ஸ்வீடன்காரன் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தான். பெட்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். ஏதோ சொன்னான், யாருக்கும் புரியவில்லை. வயலுக்குள் நடந்தான். அவர்களும் போனார்கள்.

கோதுமைக்கு நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு திட்டுப் புல். நடுவில் மண் தாழ்ந்திருந்தது. ஏர் படாத இடம்.

"இவனுங்க ஒரு சாண் நிலத்தைக்கூட விடமாட்டானுங்களே!" என்றார் டூலி மெதுவாக.

ஹானோரா புல்லைக் காட்டி, 'எத்தனை வருஷம்?' என்று கையாலேயே கேட்டாள். அவன் பத்து விரலையும் விரித்தான், பிறகு இரண்டு. அவள் அழுதாள். முகம் தெரியாத ஒரு மனிதன், யாரென்றே அறியாத அவள் அம்மாவைச் சுற்றிப் பன்னிரண்டு வருஷம் உழுதிருக்கிறான்.

டூலி மண்வெட்டியை எடுக்க வண்டிக்குத் திரும்பினார். ஸ்வீடன்காரன் வண்டியிலிருந்த பெட்டியை ஒரு தரம் பார்த்தான். அரிவாளை எடுத்து, புல்லை ஒட்டி, இன்னும் ஓர் ஆள் அகலத்துக்கு முற்றிய கோதுமையை அறுக்கத் தொடங்கினான்.