அன்னவாசலுக்கு வந்த ரோமாபுரிச் சட்டம்

1

இந்தக் கதை ரோமாபுரியில் தொடங்கியிருக்க வேண்டியது. பழைய ரோமின் அதிகாரிகளைப் பற்றி எதையோ படித்துவிட்டு, எழுதாமல் இருப்புக் கொள்ளவில்லை. முதல் வரியும் வந்துவிட்டது:

ஏழு குன்றுகளின்மேல் சூரியன் எழுந்தபோது, வெள்ளை அங்கி அணிந்த அந்த

[நிறுத்திவிட்டேன். நான் ஏறிய ஒரே குன்று விராலிமலை. அங்கே யாரும் அங்கி போடுவதில்லை.]

ஆகவே ரோமை அன்னவாசலுக்கு வரவழைத்தேன். வருடம் 1961. புதிய பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு அங்கே பயிற்சி முகாம்.

2

கம்போஸ்ட் குழி வெட்டப் பயிற்சி, கிணற்றுக்கு மருந்து போடப் பயிற்சி, மேடையில் பேசப் பயிற்சி. செவந்திக்குக் கடைசியைத் தவிர எல்லாம் வந்தது. பெண் ஒருத்தி இருந்தாக வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட உறுப்பினர் அவள்.

கடைசி நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, பயிற்சி கொடுத்தவர் சரித்திரத்தில் இறங்கிவிட்டார்.

"ரோமாபுரியில ஏழை ஜனங்களுக்குன்னு டிரிபியூன்னு ஒரு அதிகாரி. சபை என்ன முடிவு எடுத்தாலும் சரி, அவர் எந்திரிச்சு 'தடுக்கிறேன்'னு சொல்லிட்டா அதுக்கு மேல நகராது."

காலையில் பஞ்சாயத்துச் சட்டத்தைச் சொன்னவரும் அவரே. அதே குரல், அதே கரும்பலகை. இதுவும் நம்ம சட்டந்தான் என்று செவந்தி எடுத்துக்கொண்டாள்.*

* அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ரோமாபுரி எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை.

3

ஊருக்கு ஒரு கிணறு வெட்ட அனுமதி வந்தது. செவந்தியின் கீழத்தெருவில் கிணறே இல்லை; கோடையில் ஊருணி வற்றினால் பக்கத்து ஊர்வரை குடத்தோடு நடக்க வேண்டும். மேலத்தெருவில் ஏற்கெனவே ஒரு கிணறு உண்டு.

பஞ்சாயத்துத் தலைவர் ஆத்மநாதனை வில்லனாக்கப் பார்த்தேன், மசியவில்லை. தேர்தலில் மேலத்தெருவுக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார், அவ்வளவுதான்.

"மேலத்தெருவுலயே வெட்டிருவோம். எல்லாருக்கும் சம்மதந்தானே?"

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது விட்டால் இன்னும் எத்தனை கோடைக்கு நடப்பது? செவந்தி எழுந்தாள்.

"தடுக்கிறேன்ங்க."

"என்னத்தம்மா தடுக்குற?"

"முடிவத்தான்ங்க. ஒருத்தர் தடுத்தா மேல நகராதுன்னு கேம்ப்புல சொன்னாங்கள்ல. நீங்களும் அங்கிட்டுத்தானே இருந்தீங்க."

இருந்தார், தூணில் சாய்ந்து குறட்டை விட்டபடி. மற்றவர்களுக்கும் அதே கதி. தூங்கியதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனமில்லை.

"ஆமா, சொன்னாங்க" என்றார் உறுப்பினர் சேவுகன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

[இந்த இடத்தில் சந்தோஷம் தாங்காமல் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.]

"சரி, ஒன் பக்கத்து நியாயத்தச் சொல்லும்மா" என்றார் தலைவர். பயிற்சியில் வராத பேச்சு செவந்திக்கு அப்போது வந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை.

4

முடிவு ஒன்று: அதிகாரி வந்து, "அது ரோமாபுரிச் சட்டம்மா" என்று சிரிக்க, செவந்தி கூனிக் குறுகி

[அடித்துவிட்டேன். எனக்கே பொறுக்கவில்லை.]

முடிவு இரண்டு: கீழத்தெருவில் ஊற்று பொங்க, ஊரே மாலையோடு

[வெட்டாத கிணற்றில் தண்ணீர் இறைக்க எனக்குக் கை கூசுகிறது.]

நடந்தது இவ்வளவுதான். தலைவர் செவந்தியைப் பார்த்துச் சொன்னார்:

"நீ சொல்றது நியாயமாத்தான் இருக்கு. சட்டமும் அப்படித்தான்னா மேலத்தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுவேன். நெசத்தச் சொன்னா, அன்னைக்கு நான் தூங்கிட்டேன். முழிச்சிருந்தவுக யாராச்சும் இருக்கீகளா?"

சேவுகன் தரையைப் பார்த்தார். செவந்தியைத் தவிர அந்த முகாம் பேச்சை முழுசாகக் கேட்டது, இதைப் படிக்கும் நீங்கள் ஒருவர்தான். அவள் இன்னும் உட்காரவில்லை. தலைவர் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"நீங்க சொல்லுங்க. அப்படிச் சட்டம் இருக்கா?"