தீர்ந்துபோன சர்மா

மியோத்ராக் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள் நவம்பரில் வரும். சாச்சாக் நகரத்தில் அன்றைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை; நினைவிருப்பவர்கள் தாமாக வருவார்கள். பத்துப் பேரும் வரலாம், நாற்பது பேரும் வரலாம். அதனால் எல்லாரும் நாற்பது பேருக்கே சமைப்பார்கள்.

போன வருஷம் மழை. வந்தவர்கள் கொஞ்சம்தான். மிஞ்சியதை ஒரு வாரம் தின்று அலுத்துப்போய், வறுத்த பன்றியில் பாதியையும் இரண்டு கேக்குகளையும் அவன் மனைவி சோரிட்சா குப்பைத்தொட்டியில் போட்டாள். தொட்டியில் ஏற்கெனவே மற்ற வீடுகளின் பன்றி கிடந்தது. இந்த வருஷம் இருபது பேருக்குத்தான் சமையல் என்று சொல்லிவிட்டாள். பற்றாமல் போகுமோ என்று மியோத்ராக்குக்குப் பயம். ஆனால் சமைப்பவள் அவள் என்பதால் ஒத்துக்கொண்டான்.

வந்தவர்களுக்குச் சரியாக இருந்தது. மியோத்ராக், சோரிட்சா கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற ரதோவான் கடைசியாக வந்தபோது, முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்து வேகவைத்த சர்மா தீர்ந்திருந்தது. சோரிட்சா அவருக்கு முட்டை பொரித்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். சோரிட்சாவுக்குக் காலிப் பாத்திரங்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேல்மாடி ஸ்தனோய்கா ஒரு பானை நிறையச் சர்மாவோடு வந்தாள்.

"திருநாளுக்குச் சர்மாகூடப் பத்தலையாம், மியோத்ராக்குக்கு வேலை போயிடுச்சாமே. எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்படியெல்லாம் இல்லை, அவன் இப்போதும் வேலையில்தான் இருக்கிறான் என்றாள் சோரிட்சா.

"கௌரவம் பாக்காதம்மா. யார் வீட்லதான் கஷ்டம் இல்ல" என்று பானையை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ரதோவான் ஆட்டுத்தொடை கொடுத்தனுப்பினார். மியோத்ராக்கின் சித்தி மகள் தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்தாள். சோரிட்சா மறுக்க மறுக்க, அவர்கள் இன்னும் இரக்கப்பட்டார்கள். குளிர்பெட்டி நிரம்பிக் கதவு மூடவில்லை. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"அடுத்த வருஷம் முழுப் பன்றியே சொல்லிடுவோம்" என்றான் மியோத்ராக்.

"ரெண்டாவே சொல்லு. ஆனா குப்பைக்கு நீதான் எடுத்துட்டுப் போகணும்."

அவன் சரியென்றான்.

ஸ்தனோய்காவின் பானையைக் கழுவித் திருப்பித் தரவேண்டியிருந்தது. வந்த பானையை வெறுமையாக அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. சோரிட்சா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேக்குக்கு மாவு சலிக்க ஆரம்பித்தாள்.