ஆறாவது கால்

வசந்தா டீச்சருக்குப் பூச்சி என்றாலே ஆகாது. கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொள்வார். அப்படிப்பட்டவருக்குத்தான் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு அறிவியலைக் கொடுத்திருந்தார்கள். கணவர் லட்சுமணனுக்கு ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நான்கு வருடம் ஆகியும், பிள்ளைகள் வேகமாகப் பேசினால் டீச்சருக்குப் பாதிதான் பிடிபடும்.

1986 ஆகஸ்டில் ஒரு நாள் தாட்சாயிணி என்ற பெண் ஒரு கொய்யாக் கொப்பைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். அதில் ஒரு குச்சி நடக்கிறது என்றாள். டீச்சர் குனிந்து பார்த்தார். நாலைந்து இலை, ஒரு காய்ந்த குச்சி, வேறொன்றும் இல்லை. விளையாடுகிறாள் என்று எண்ணி அந்தக் குச்சியைக் கிள்ளி எறியப் போனார். அது விரலை மெல்லப் பற்றியது.

டீச்சர் கையை உதற, அது தரையில் விழுந்தது. கால்களை முன்னும் பின்னும் நீட்டி விறைத்துக் கிடந்தது. கொன்றுவிட்டோமே என்று அவர் பதறினார். தாட்சாயிணி பக்கத்தில் உட்கார்ந்து, அது சாகவில்லை, செத்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். மணி அடிக்கும் நேரத்தில் அது எழுந்து, காற்றில் குச்சி ஆடுவதுபோல் முன்னும் பின்னும் ஆடியபடி நடந்தது.

மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொய்யா இலையோடு அதை வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் கரப்பானும் வண்ணத்துப்பூச்சியும் இருந்தன, குச்சிப்பூச்சி இல்லை. அதனால் பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் டீச்சர் தாமாகவே யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பகல் முழுக்க அது ஒன்றும் தின்னாமல் தொங்கியது. நோய் என்றார் டீச்சர். மறுநாள் காலை பார்த்தால் இலையின் ஓரமெல்லாம் கடித்திருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் இலை மாற்றும்போது டீச்சர் அவசரமாக மூடியைத் திருகினார். பூச்சியின் பின்னங்கால் ஒன்று இடையில் சிக்கியது. அவர் மூடியைத் திறப்பதற்குள் அது அந்தக் காலை அங்கேயே விட்டுவிட்டு மற்ற ஐந்து கால்களால் நகர்ந்துபோனது. விட்டுப்போன கால் மேஜை மேல் சற்று நேரம் துடித்தது. அன்று மதியம் டீச்சர், போன கால் போனதுதான், இனி வராது, எல்லோரும் பார்த்துக் கையாள வேண்டும் என்று தம் தப்பையே வகுப்புக்குப் பாடமாகச் சொன்னார்.

காலாண்டு விடுமுறைக்குப் பாட்டிலைத் தாட்சாயிணி வீட்டுக்கு எடுத்துப்போனாள். பள்ளி திறந்த அன்று மேஜை மேல் வைத்தாள். டீச்சர் பார்த்தார், திரும்பவும் எண்ணிப் பார்த்தார். ஆறு கால். ஆறாவது கால் மட்டும் சின்னதாக, நூல்போல மெலிந்து வளைந்திருந்தது. பூச்சியும் முன்பைவிட நீளமாக இருந்தது.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத அந்தத் திகைப்பிலேயே ஒரு முடிவுக்கு வந்தார்: பழையது செத்துவிட்டது, பயந்துபோய் வேறொன்றைப் பிடித்து வந்திருக்கிறாள்.

“இது அந்தப் பூச்சியா?”

“அதே தான் டீச்சர்.”

“அப்ப கால் எங்கேருந்து வந்துச்சு?”

“தெர்ல டீச்சர். ஒரு நாள் காலீல பாத்தேன். இருந்துச்சு.”

செத்துப்போனால் பரவாயில்லை, பொய் சொல்லக்கூடாது என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. தாட்சாயிணி போய் உட்கார்ந்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் அம்மா கன்னியம்மா வந்தாள். வயல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவைக் கரையில் ஈரச்சேறு. வகுப்புக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

“பூச்சிய மாத்திக்கினு வந்துட்டானு சொன்னீங்களாமே டீச்சர். ரெண்டு நாளா சோறு துன்னாம குந்திகினு கீறா.”

“நீங்களே சொல்லுங்க. ஒடிஞ்ச கால் முளைக்குமா?”

கன்னியம்மா சற்று யோசித்தாள். “பல்லிக்கு வாலு மொளைக்குது. இதுக்கு இன்னா மொளைக்குமோ, அது எனக்குத் தெரியாது. எம் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு அவள் வயலுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் தாட்சாயிணி வந்தாள். பாட்டில் பக்கமே திரும்பவில்லை. டீச்சர் பாட்டிலைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போனார். எதற்கு என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெண் பொய் சொல்கிறவள் இல்லை, கால் முளைக்கிறதும் இல்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாகும்?

லட்சுமணனுக்கு ஃபேக்டரியில் பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவு. அவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். பார்த்து முடித்த பாகத்தில் பெயிண்ட் புள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். புள்ளி இருந்தால் அதே பொருள், இல்லாவிட்டால் வேறு. டீச்சர் தம் சிவப்பு நகப்பாலீஷைத் தீக்குச்சியால் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூச்சியின் முதுகில் கடுகளவு புள்ளி வைத்தார். அது அசையவில்லை.

மூன்று வாரம் புள்ளி அப்படியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பால் வாங்கப் போகுமுன் பாட்டிலைப் பார்த்தார். புள்ளியைக் காணோம். பூச்சியோ இன்னும் நீளமாக, பளபளவென்று இருந்தது. ஆறாவது கால் மற்றக் கால்களுக்கு முக்கால் பங்கு வந்திருந்தது. பூட்டிய வீடு. டீச்சர் முதலில் சந்தேகப்பட்டது கணவரைத்தான். அவர் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, அது வாயில் வைத்திருப்பது என்ன என்று கேட்டார்.

அப்போதுதான் டீச்சரும் கவனித்தார். பூச்சி இலை தின்னவில்லை. வெங்காயத் தோல் மாதிரி வெளுத்த எதையோ மென்றுகொண்டிருந்தது. குச்சி வடிவம், அதில் கால்களின் உறைகள். பாதிக்குமேல் தின்றாகிவிட்டது. மீதி இருந்த துண்டில் ஒரு சிவப்புப் புள்ளி.

சட்டையை உரித்துப்போட்டு வளர்கிறது. உரிக்கும்போது கால் வருகிறது. உரித்ததைத் தானே தின்றுவிடுகிறது. அதனால்தான் அந்தப் பெண்ணின் வீட்டில் ஒரு தடயமும் இல்லை. டீச்சர் பால் வாங்கப் போகவில்லை. அந்தத் துண்டை ஊசியால் எடுத்துத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு, பாட்டிலும் கையுமாகக் கோவில்பதாகைக்கு நடந்தார்.

தாட்சாயிணி வாசலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உள்ளேயிருந்து கன்னியம்மாவும் வந்தாள். டீச்சர் தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

“தப்பு என்னோடது, தாட்சாயிணி. நீ கொண்டுவந்தது அதே பூச்சிதான்.”

அவள் புள்ளியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள்.

“இத ஏன் புடுங்கினீங்க டீச்சர்? அது துன்றதாச்சே.”

டீச்சர் துண்டைப் பாட்டிலுக்குள் போட்டார். கன்னியம்மா உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை டீச்சர் வகுப்பு முன்னால் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். தாட்சாயிணி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இலை மாற்றியது அவள்தான்.

அதோடு குழப்பம் தீர்ந்தது என்றுதான் டீச்சர் நினைத்தார். டிசம்பரில் பாட்டிலின் அடியில் பழுப்பு நிற மணிகள் விழத் தொடங்கின. மிளகில் பாதி அளவு, ஒவ்வொன்றின் நுனியிலும் குட்டி மூடி. புழுக்கை என்று சிலர் சொன்னார்கள். விதைதான் என்றாள் பத்மா, அவள் வீட்டில் தோட்டம் உண்டு. முட்டை என்றாள் தாட்சாயிணி. ஆணே இல்லாமல் தனியாக இருக்கும் பூச்சி எப்படி முட்டை போடும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். டீச்சருக்கும் அதே கேள்விதான். ஆனால் இந்தத் தடவை அவர் முடிவு எதுவும் சொல்லவில்லை. பாதியைத் தகர டப்பாவில் ஈர மணலோடு வைக்கச் சொன்னார், மீதியைப் பத்மா ஒரு மண்தொட்டியில் விதைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

ஜனவரியில் பூச்சி செத்தது. இந்த முறை உண்மையாகவே. சாயந்திரம் வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கொய்யா மரத்தடியில் புதைத்தார்கள்.

ஏப்ரலில், முழுப்பரீட்சைக்கு முந்தின வாரம், தகர டப்பாவில் நூல் துணுக்குகள்போல் நான்கு நடந்தன. எல்லோரும் தாட்சாயிணியின் முதுகில் தட்டினார்கள். அப்போது ஜன்னலோரம் இருந்து பத்மா கூப்பிட்டாள். தொட்டி மண்ணைத் தள்ளிக்கொண்டு மூன்று வெளியே வந்து, நெட்டுக்குத்தாக நின்றன, முளை மாதிரியே. பிறகு நடந்தன.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துபோனது. விதைத்தது முளைத்தது, இதில் என்ன சந்தேகம் என்றது ஒரு பாதி. முட்டைதான், மண்ணுக்குள் இருந்தாலும் பொரிக்கும் என்றது மறு பாதி. இதுகளுக்கு அப்பா யார் என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

“எனக்கும் தெரியலை” என்றார் டீச்சர். சொன்ன பிறகு, அப்படிச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

விடுமுறைக்குப் பிள்ளைகள் ஏழு பேர் ஆளுக்கொரு பாட்டிலில் குஞ்சுகளை எடுத்துப்போனார்கள். பத்மா குஞ்சு வேண்டாம் என்றாள். அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். மே மாதம் முழுக்கக் காலையும் மாலையும் அந்த வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினாள் என்று பிறகு அவள் அம்மா சொன்னாள்.