ஃப்ரிட்ஜுக்கு எண்ணத் தெரியுமா?

கோவிலம்பாக்கத்தில் சனிக்கிழமை காலைகளில் கூடும் எழுத்துக் குழுவில், ஹஃபீசா தன் வெள்ளக் கதையை வாசித்து முடித்தாள். இரண்டாயிரத்துப் பதினைந்தில் முடிச்சூரில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும், குடும்பமே மாடிப்படியில் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்ததும்தான் கதை. கீழே மிதந்த ஃப்ரிட்ஜ் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது என்று எழுதியிருந்தாள். டக், டக், டக். ஒரு இடைவெளி. மறுபடி டக், டக், டக்.

"ஒரு சந்தேகம்மா," என்றார் சுகுமார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "மிதக்கிற ஃப்ரிட்ஜ் எப்படி கரெக்டா மூணு மூணா தட்டும்?"

மற்றவர்கள் அவரை முறைத்தார்கள். ஹஃபீசாவுக்கு ஆட்டிசம் இருப்பது இரண்டு வருடம் முன்புதான் உறுதியானது. மழைச் சத்தம் கேட்டால் இன்றும் காதைப் பொத்திக்கொண்டு குளியலறையில் போய் உட்கார்ந்துவிடுவாள். மனசு நொந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். அவளுக்கோ நோகவில்லை. சரியான கேள்வியாகப் பட்டது.

வீட்டுக்குப் போனதும் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, டிபன் பாக்ஸை மிதக்கவிட்டாள். தண்ணீரைக் கலக்கிவிட்டு அரைமணி நேரம் காது கொடுத்தாள். இரண்டு, ஐந்து, ஒன்று, நான்கு. ஒரு ஒழுங்கும் இல்லை.

மறுநாள் பல்லாவரத்தில் அண்ணன் ஜமீரின் ஏசி ரிப்பேர் கடைக்குப் போய் நின்றாள்.

"அண்ணா, வெள்ளத்தப்போ டக் டக்னு ஒரு சத்தம் வந்துச்சே, அது ஃப்ரிட்ஜ்தானே?"

ஜமீர் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஃப்ரிட்ஜ் அசையவே இல்ல ஹஃபீ. கதவுல சிக்கிக்கிச்சு. மாடிப்படிச் சுவத்துல தட்டிக்கினு இருந்தது நீதான். கையப் புடிச்சா கத்துன, அதனால விட்டுட்டோம். விரல் முட்டியெல்லாம் வீங்கிப் போச்சு."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பயந்திருக்கிறாள். எழுப்பியது இந்தக் கை. மூன்று நாள் நோட்டைத் தொட முடியவில்லை.

நான்காம் நாள், பத்து நிமிடம் மட்டும் என்று செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃப்ரிட்ஜ் மோதியது என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு 'அவள் தட்டினாள்' என்று எழுதினாள். ஒரு பக்கம் முடிந்ததும் அலாரம் அடிக்கக் காத்திராமல் எழுந்து போய் டீ போட்டாள். மறுநாள் இன்னொரு பத்து நிமிடம்.

அடுத்த சனிக்கிழமை அதை வாசித்தபோது குரல் இரண்டு இடத்தில் நின்றது. ஆனால் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். யாரும் கைதட்டவில்லை. சுகுமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு ஏம்மா மூணோட நிறுத்துனா?"

"தெரியல சார். மூணு வரைக்கும் எண்ணிக்கிட்டிருந்தா தண்ணிச் சத்தம் காதுல விழாதுன்னு நெனச்சிருப்பாளோ?"

"விழாதா?"

"அத இன்னும் எழுதிப் பாக்கல சார்," என்று சொல்லி, நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.