வாங்கின் வலது ஓரம்

பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துச் சர்ச் மண்டபத்தில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. அதற்கு முன்னால் உட்கார நீளமான ஒரு மர வாங்கு, பெஞ்சு மாதிரி. அதன் கால்களை நடுப்பக்கமாகத் தள்ளி அடித்துவிட்டார்கள். ஒரு ஓரத்தில் ஒருத்தி உட்கார்ந்தால் மற்ற ஓரத்தில் இன்னொருத்தி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுமுனை எழும்பி, உட்கார்ந்தவளைத் தரையில் கொட்டிவிடும்.

பிரியந்தி மூன்று வாரமாக வலது ஓரத்தில் தனியாகத்தான் உட்காருகிறாள். வாங்கு அசையவில்லை.

முன்பெல்லாம் மண்டபத்துச் சாவி நாளுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் அக்காவும் தங்கையும் ஒன்றாகவே பழகினார்கள். ஜெசிந்தாவுக்கு இடது கை, பிரியந்திக்கு வலது கை. ஓட்டமெல்லாம் வலது கைக்குத்தான். கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து நுழைந்து சுரங்கள் மேலே ஏறும். பிரியந்தி எப்போதும் முந்திவிடுவாள். ஜெசிந்தா சும்மா இருக்கும் தன் வலது கையால் தங்கையின் முழங்காலில் தட்டுவாள்.

"ஓடாதடி. கொழுந்துக் கூடையா நெரப்புற?"

குறும்பு வந்தால் சொல்லாமல் எழும்பிவிடுவாள். தங்கை தடாலென்று விழுவாள்.

ஈரத்தில் கட்டைகள் ஒட்டாமலிருக்க பியானோவின் வயிற்றுக்குள் ஒரு பல்பு எரிய வேண்டும். போன நவம்பர் மழையில் ஒரு நாள், அதைப் போட்டுவிட்டு வரும் முறை பிரியந்தியுடையது. குளிருகிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். அக்கா போனாள். மேடு சரிந்து, பாதையையும் அவளையும் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் வீடிழந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் மண்டபத்தில் தங்கியிருந்தன. அவர்கள் போய் மூன்று வாரம்தான் ஆகிறது.

சனிக்கிழமை ஹட்டனில் பியானோ பரீட்சை. பாஸானால் தன் வகுப்பிலேயே உதவிக்கு வைத்துக்கொள்வதாகப் பியானோ சொல்லித்தரும் மிஸ் சொல்லியிருந்தார். இல்லையென்றால் கொழும்பில் கார்மெண்ட் ஃபாக்டரி வேலைதான். இரண்டு கையாலும் வாசிக்க வேண்டும். இடது கை எங்கே என்று மிஸ் கேட்கும்போதெல்லாம், முதலில் வலது கை சரிவரட்டும் என்று பிரியந்தி சமாளித்து வந்தாள். உண்மை வேறு. வலது கையை மட்டும் ஓட்டினால் அடியில் அக்காவின் இடது கை மெல்லக் கேட்கும். முந்தினால் முழங்காலில் சில்லென்று விரல் படும். தன் இடது கையை வைத்துவிட்டால் அந்தக் கைக்கு எங்கே இடம்?

புதன்கிழமை பகலிலேயே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டது. மண்டபத்தைக் காவல் காக்கும் வாச்சர் செல்லசாமி வாசலில் நின்று பார்த்தார்.

"ஓரத்துல குந்தாத பாப்பா. சாச்சிப்புடும்."

"சாய்க்காது மாமா."

அவர் உள்ளே வந்தார். வெறுமையாகக் கிடந்த இடது முனையைப் பார்த்தார். குனிந்து கால்களைப் பார்த்தார். ஆணி கீணி அடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் வெளியே போய், மண்டபத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மிஸ் சொன்னபடி நான்கு நான்கு சுரமாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பிறகு முழு வேகத்தில். மோதிர விரல் தடுக்கியது. மற்ற விரல்கள் பதறி முந்தின. முழங்காலில் இரண்டு தட்டு.

கையை எடுத்தாள்.

"சனிக்கிழம நீ வர ஏலாதுக்கா. அங்க ஸ்டூல் சின்னது. ஒரு ஆளுதான் உக்காரலாம்."

காலியாகக் கிடந்த இடது முனைப் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நான்தான் போயிருக்கணும்."

பிறகு நடுவுக்கு நகர்ந்தாள். பலகை ஐஸாய்க் குளிர்ந்தது. இடது கையைக் கட்டைகள்மேல் வைத்தாள். பல வருடம் பக்கத்திலிருந்து கேட்டது, விரலுக்குத் தட்டுத்தடுமாறி வந்தது. மூன்று முறை கெட்டது. நான்காம் முறை வலது கை ஓடியது, முந்தாமல். யாரும் தட்டவில்லை. அடியில் கேட்டதெல்லாம் அவள் கைதான்.

புத்தகத்தை எடுக்கப் பழக்கதோஷத்தில் வலது ஓரத்துக்கு நகர்ந்தாள். இடது முனை விர்ரென்று மேலே எழுந்தது.

சத்தம் கேட்டு செல்லசாமி ஓடி வந்தார். வாங்கு கவிழ்ந்து கிடந்தது. பிரியந்தி தரையில் முழங்காலைப் பிடித்தபடி இருந்தாள்.

"நான் சொன்னேன்ல பாப்பா."

"சொல்லாம எந்திரிச்சிட்டா மாமா," என்றாள்.